மதியம் இரண்டரைக்கு அடித்த ஸா மணி

போதகர் பெனயா அன்றைக்கு எதற்காக அந்த மணியை அடித்தார் என்று என்னிடம் கேட்காத ஆள் இந்த ஊரில் இல்லை. நான் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தேனாம், எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைக்கிறார்கள். இருந்தேன்தான். கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். அப்படியும் ஒவ்வொருத்தரிடமும் ஒவ்வொரு மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது நடந்த வரிசையிலேயே சொல்லிப் பார்க்கிறேன். எனக்கே ஒரு தெளிவு கிடைத்தால் சரி.

பெனயா எங்கள் ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடலுக்கு அக்கரையில் இருக்கும் உப்போலு தீவுக்காரர். எங்கள் சவாய்த் தீவில் அவருக்குச் சொந்தம் என்று ஒரு பாத்தி சேம்புகூடக் கிடையாது. ஊர் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது. முறை வைத்து ஒவ்வொரு குடும்பமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அதற்குப் பதிலாக அவர் என்ன செய்யவேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததுதான் வினையாகப் போயிற்று. நாய் கடித்தாலும் அவரிடம் போவோம், புருஷன் குடித்துவிட்டு வந்தாலும் அவரிடம் போவோம். பன்றி இரை எடுக்கவில்லை என்று போனவர்களும் உண்டு. அவர் வீட்டுக்குச் சுவர் கிடையாது, எங்கள் வீடுகளைப் போலவே சுற்றிலும் தூண்கள்தான். அதனால் கதவைத் தட்டவேண்டிய சிரமமும் எங்களுக்கு இல்லை. நேரே போய் உட்கார்ந்துகொள்வோம்.

மனுஷர் நல்ல உயரம், நல்ல கனம். தேய்த்த வெள்ளைச் சட்டை, இடுப்பில் வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு போன். காலைச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார். உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெரியவர்களோடு மட்டும்தான். அன்றைக்கு அவர் மனைவி மகெரீட்டாவும் மகள் இயனேத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டுவார்கள். நாங்கள் ஏப்பம் விட்டு எழுந்த பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவார்கள். அந்தப் பெண் பன்னிரண்டு வருஷமாக எங்கள் மிச்சத்தைத்தான் சாப்பிட்டு வளர்ந்தாள். இதையெல்லாம் அப்போது நான் யோசித்ததே இல்லை.

போன ஒரு வருஷமாகத்தான் அவருக்கு ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. என் கடைக்குப் புதுக் குளிர்பெட்டி வந்தது. ஆசீர்வதித்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டேன். மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு, "இவருடைய ஆத்துமா இளைப்பாறட்டும்" என்று ஜெபித்தார். மறு வாரமே பெட்டி இளைப்பாறிவிட்டது! நான் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். இன்னொரு நாள் புதுப் படகைக் கடலில் இறக்கும்போது மணமக்கள் நீடூழி வாழவேண்டும் என்றார். அதற்கும் சிரித்தோம். போதகருக்கு அசதி என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. போதகருக்கு அசதி வருமா என்ன?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் பிள்ளைகள் ஞாயிறு வரும். பிள்ளைகளெல்லாம் வெள்ளை உடுப்பில் ஒவ்வொருவராக முன்னால் வந்து மனப்பாடம் சொல்வார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு வரி பெனயாவே எழுதிக் கொடுப்பார். எந்தப் பிள்ளை மறந்து போய் விழித்தாலும் அவர் பீடத்திலிருந்து இறங்கி வந்து, அந்தப் பிள்ளைக்கு முன்னால் முட்டி போட்டு, முகத்துக்கு நேராக முகம் வைத்து, அடுத்த வரியை மெதுவாக எடுத்துக் கொடுப்பார். அவர் இங்கே வந்த முதல் வருஷம். இயனேத்தாவுக்கு ஏழு வயது. அவளுடைய வரிகள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

"நான் சின்னக் கோழிக்குஞ்சு,
மழை வந்தால் ஓடி வருவேன்,
இறக்கைக்குள்ளே சூடு இருக்கு,
எனக்கும் அங்கே இடம் இருக்கு."

இரண்டாவது வரியோடு நின்றுவிட்டாள். அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இறங்கி வரவில்லை. கூரையைப் பார்த்தார். கடைசியில் மகெரீட்டா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். "போதகர் பொண்ணுக்கே மனப்பாடம் வரலியாக்கும்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னவள் வேறு யாருமில்லை, நான்தான்.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இயனேத்தாவுக்கு இப்போது பத்தொன்பது. ஆக்லாந்தில் மகெரீட்டாவின் அக்கா இருக்கிறாள், அங்கே பழங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டரைக்குச் சாலையில் வரும் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் துறை. நாலு மணிக்குக் கப்பல், அக்கரையில் இரவு விமானம். வெளிநாடு போகிற பிள்ளையோடு வேன் கொள்ளாத அளவுக்குக் கூட்டம் போவதுதான் வழக்கம். ஆனால் அன்றைக்குப் பார்த்து ஊர்ச்சபைத் தலைவர் ஃபொலாசாவின் அம்மாவுக்கு நாலு மணிக்கு அடக்கம். போதகர் அடக்கம் பண்ணவேண்டும். வெளியூரிலிருந்து வரும் போதகர்களுக்கு மகெரீட்டா சமைக்கவேண்டும். பெண் தனியாகத்தான் போகவேண்டும்.

காலையில் குழாயடியில் மகெரீட்டா என்னிடம் சொன்னாள். "அப்பாவும் பொண்ணும் பேசி மூணு வாரம் ஆச்சு அபெரிலா."

"என்ன சண்டை?"

"சண்டை போட்டிருந்தா சந்தோஷப்படுவேன். சண்டை போடக்கூட நேரம் கெடைக்கல. இவர் வாயத் தொறந்தா யாராவது வந்துடறாங்க. ஒரு வார்த்தை பேசாம இப்படியே அவ போயிட்டா, திரும்பி வரமாட்டா. எனக்குத் தெரியும். அவ பொட்டிய பாத்தேன். பிள்ளைங்க ஞாயிறு உடுப்பக்கூட எடுத்து வெச்சிருக்கா. திரும்பி வர்றவ அத எடுத்துட்டுப் போவாளா?"

எனக்கு ஐயோ என்றிருந்தது. ஆனால் பாருங்கள், மதியம் இரண்டே காலுக்கு அதே வீட்டுக்கு நானே போய் நின்றேன். பெண்கள் பாடல் குழுவில் அடக்கத்துக்கு இடுப்பில் கறுப்புப் பட்டை கட்டுவதா ஊதாப் பட்டை கட்டுவதா என்று இரண்டு கட்சி. நான் கறுப்புக் கட்சித் தலைவி. போதகர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எனக்கு முன்னால் மணி அடிக்கும் வைபோ வந்து குழி எந்தப் பக்கம் பார்த்து இருக்கவேண்டும் என்று கேட்டுவிட்டு அப்போதுதான் போகிறான். தூணோரமாகப் பெட்டி. பெட்டி பக்கத்தில் இயனேத்தா. போதகர் அவள் பக்கத்தில் போய்ப் பாயில் உட்கார்ந்து, "இயனேத்தா..." என்று ஆரம்பித்தார்.

"போதகரய்யா, ஒரே நிமிஷம்" என்றேன் நான்.

பெட்டி என் கண்ணில் படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம்தானே என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

பட்டை விஷயத்தை எடுத்துச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

"கல்யாணமா! ஃபொலாசாவோட அம்மாவுக்கு இன்னிக்கு அடக்கம் போதகரய்யா. நீங்கதான பண்ணப்போறீங்க!"

"ஆமா, ஆமா" என்றார். அந்த நேரம் பார்த்து அடுத்த ஊரிலிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது. இயனேத்தா எழுந்து பெட்டியைப் பிடித்தாள். போதகர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். "இருங்க, வந்துடறேன்" என்று செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போனார்.

மணிச் சத்தம் கேட்டது.

மணி என்றால் கோயில் முன்னால் ஈரப்பலா மரத்தில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டர். இரும்புக் கம்பியால் அடிப்பது. தினமும் பொழுது சாயும் நேரத்தில் ஊர்ச்சபை சொல்லி வைபோ அடிப்பான். முதல் மணிக்கு எல்லாரும் வீட்டுக்குள் போகவேண்டும், இரண்டாவதுக்கு ஜெபம், மூன்றாவதுக்கு விடுதலை. அந்த நேரத்துக்குப் பெயர்தான் ஸா. ஸாவில் ஒருவரும் நடமாடக்கூடாது. வாலிபர்கள் கம்போடு சாலையில் நின்று வண்டிகளைக்கூட நிறுத்திவிடுவார்கள். கடல் பொங்கினால் மட்டும் நிறுத்தாமல் படபடவென்று அடிப்பார்கள், மலைக்கு ஓடவேண்டும். போதகருக்கு மணியில் ஒரு வேலையும் கிடையாது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் அந்தக் கம்பியைத் தொட்டதில்லை. அதனால் ஸா மணி மாதிரியும் இல்லாமல் கடல் மணி மாதிரியும் இல்லாமல் நடுவாந்திரமாக அடித்து வைத்தார்.

அப்புறம் கேட்கவேண்டுமா! வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பாதி ஊர் வீட்டுக்குள் ஓடி முழங்காலில் நின்றது. பாதி ஊர் பாயையும் பன்றிக்குட்டியையும் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடியது. ஒரே வீட்டில் புருஷன் மலைக்கும் பெண்டாட்டி ஜெபத்துக்கும் போன கதையும் உண்டு. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த வாலிபர்கள் கம்பு தேட நேரமில்லாமல் மட்டையோடு சாலையில் வந்து நின்றார்கள். பஸ் நின்றது, உள்ளே அலறிக்கொண்டிருந்த பாட்டும் நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் சாவுக்குச் சீராகக் கொடுக்கும் மெல்லிய பாய்களை மடியில் வைத்துக்கொண்டு வந்த சாவு வீட்டு விருந்தாளிகளின் வேன். அதற்குள் அவர்களை அழைத்துவரப் போன ஃபொலாசா. ஸாவை மீறக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான், அவர் எப்படி இறங்குவார்?

போதகர் திரும்பி வந்தார். நான் எழுந்து, "அப்ப நான் வரேன் போதகரய்யா" என்றேன்.

"எங்க போறீங்க அபெரிலாம்மா? ஸா மணி அடிச்சாச்சு. ரோட்ல கால் வெக்கக்கூடாது."

"நீங்கதான அடிச்சீங்க!"

"யார் அடிச்சா என்ன, ஸா ஸாதான" என்றார். கேலியா நிஜமா என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. யாரும் வரக்கூடாது என்று ஊரையே நிறுத்திவிட்டு, வரக்கூடாத ஒருத்தியை உள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டார் மனுஷர். நான் வெளிப்பக்கம் பார்த்து, ஓரக்கண்ணை மட்டும் உள்ளே விட்டு, தூணோடு தூணாக உட்கார்ந்தேன். முதுகுக்குக் காது இல்லையே என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று.

அவர் பழக்கத்தில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"திரும்பவும் ஜெபமாப்பா?" என்றாள் இயனேத்தா.

புத்தகத்தை மூடினார். அடுப்பிலிருந்து மகெரீட்டா அகப்பையோடு வந்து நின்றாள். "பேசுங்களேன்! ஊரையே நிறுத்தி வெச்சுட்டு வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?"

"பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியாம்மா?"

"எடுத்துக்கிட்டேன்."

"ஸ்வெட்டர்? அங்க குளிரும்."

"பெரியம்மா வீட்ல இருக்கு."

"அங்க நம்ம சபை ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கெழமையில தவறாம..."

"அப்பா!"

அவர் நிறுத்தினார். "எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலம்மா" என்றார். "எல்லாரும் வந்து கேப்பாங்க, நான் பதில் சொல்லுவேன். இத்தன வருஷமா அப்படியே ஓடிப்போச்சு. நானா எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நீ ஏதாவது கேளேன்."

"கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"எனக்கு ஏழு வயசு. பாட்டுல நடுவுல நின்னுட்டேன். எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் வந்து முட்டி போட்டீங்க. எங்கிட்ட மட்டும் ஏன் வரல?"

அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவளிடம் நான் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

"புது ஊரு. எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க. என் பொண்ணுக்கு மட்டும் எடுத்துக் குடுத்தேன்னு பேசுவாங்களோன்னு பயந்தேன். நீ மறப்பேன்னு நான் நெனைக்கவே இல்ல. வீட்ல நல்லா சொன்னியே."

"நான் மறக்கலப்பா."

"என்னது?"

"மறக்கவே இல்ல. மறந்த பிள்ளைங்ககிட்டதான நீங்க வந்தீங்க. அதான் நின்னேன்."

தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அடுப்பில் மகெரீட்டாவின் சட்டி பொங்கி வழியும் சத்தம் கேட்டது, அவள் போய் இறக்கவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். எதற்காக என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ஸா என்றால் கால் மணி நேரம். கால் மணி ஆயிற்று. இருபது ஆயிற்று. மூன்றாவது மணியை யார் அடிப்பது? முதல் மணியை வைபோ அடிக்கவில்லை, அதனால் கடைசி மணி தன் பொறுப்பில்லை என்று அவன் வீட்டில் குப்புறப் படுத்துவிட்டான். கப்பலுக்கு இருந்த இடைவெளியே அரை மணிதான்.

"கப்பல் போயிடுங்க" என்றாள் மகெரீட்டா.

போதகர் அசையவில்லை. "நான் மணி அடிக்கலேன்னா பஸ் போகாதுல்ல?" என்றார். யாரையும் பார்த்து அல்ல, பாயைப் பார்த்துக் கேட்டார். பன்னிரண்டு வருஷத்தில் தனக்காக அவர் கேட்டு நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

இயனேத்தா அவர் முன்னால் குனிந்து கன்னத்தோடு கன்னம் வைத்தாள். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மரத்தடிக்குப் போய்க் கம்பியை எடுத்து மூன்று அடி அடித்தாள். சரியாக, வைபோ அடிக்கிற மாதிரியே. வாலிபர்கள் மட்டையைத் தாழ்த்தினார்கள். பஸ்ஸில் பாட்டுத் திரும்ப ஆரம்பித்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். போதகர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் அழுதாரா என்று கேட்காதீர்கள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வர, விருந்தாளிகள் வேனிலிருந்து இறங்க, ஊரே சந்தையாகிவிட்டது. ஆனாலும் நாலு மணிக்கு அடக்கம் நடந்தது. போதகர் ஒரு பெயரைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. பட்டை விஷயத்தை முடிக்காததால் பாடல் குழுவில் பாதிப் பேர் கறுப்பு, பாதிப் பேர் ஊதா. இரண்டு சாவு நடந்த மாதிரி இருந்தது.

மறுநாள் ஊர்ச்சபை கூடியது. ஃபொலாசா கேட்டார். "மணிய யார் அடிச்சது?"

"நான்தான்" என்றார் போதகர்.

"எதுக்கு அடிச்சீங்க போதகரய்யா?"

"தெரியல."

சபைக்கு அதுதான் தூக்கிவாரிப் போட்டது. எது கேட்டாலும் பதில் வைத்திருக்கிற மனுஷர். திட்டலாம் என்றால் போதகர், அவரை மரியாதையோடு பராமரிப்பதாக ஊர் உடன்படிக்கை செய்திருக்கிறது. விட்டுவிடலாம் என்றால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் மணி அடிப்பார்கள். இரண்டு மணி நேரம் பேசினார்கள். வைபோ எழுந்து, "அப்ப மத்தியானம் பண்ண ஜெபம் எந்தக் கணக்குல சேரும்? சாயந்திரம் நான் திரும்ப அடிச்சது சரியா தப்பா?" என்று கேட்டான். அதற்கும் யாருக்கும் தெரியவில்லை. தெரியாமலே எழுந்து போனார்கள். இயனேத்தா கப்பலைப் பிடித்துவிட்டாள் என்பதை மட்டும் ஃபொலாசாவே துறைக்குப் போன் பண்ணிக் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்று பிறகு காதில் விழுந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை போதகர் வீட்டுச் சாப்பாட்டு முறை எங்களுடையது. சுட்ட ஈரப்பலாவும் தேங்காய்ப்பால் மீனும் எடுத்துக்கொண்டு மதியம் போனேன். தூண்களுக்கு நடுவில் சுருட்டிக் கட்டியிருக்கும் ஓலைத் தட்டிகளை ஒரு பக்கம் இறக்கி விட்டிருந்தார்கள். பகலில் அந்த வீட்டில் தட்டி இறங்கி நான் பார்த்ததில்லை. உள்ளே அவர் குரல்.

"நான் சின்னக் கோழிக்குஞ்சு. சொல்லும்மா."

தட்டி இடுக்கில் பார்த்தேன். பாயின் மேல் போனை வைத்து, அதற்கு முன்னால் முட்டி போட்டிருந்தார் அவ்வளவு பெரிய மனுஷர். போனுக்குள்ளே தூரத்தில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

"அப்பா, சாப்பாட்டு நேரம் முடியப்போகுதுப்பா" என்று அவள் சிரிப்பது கேட்டது. அப்புறம் சொன்னாள். முதல் வரி. இரண்டாவது வரி. மழை வந்தால் ஓடி வருவேன் என்ற இடத்தில் நின்றாள்.

இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மறந்துட்டேன்ப்பா" என்றாள்.

அவர் இன்னும் குனிந்து, முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மெதுவாக அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார்.

நான் தட்டை அப்படியே படியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். எதிரே வைபோ வேகமாக வந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஏதோ எல்லைத் தகராறு, போதகரிடம் ஒரே ஒரு நிமிஷம் பேசவேண்டுமாம். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"விடுக்கா, என்ன இது?"

"ஸா" என்றேன்.

வைபோ சூரியனை ஒரு தடவை பார்த்தான், என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்காமல் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.